காதுக்கு ஓய்வு கொடுக்கப் போனோம்

அப்பாவுக்குக் காது மந்தமாகிவிட்டது என்று முதலில் காட்டிக்கொடுத்தது எங்கள் வீட்டுக் குக்கர்தான். மூன்று விசில் வந்ததும் அடுப்பை நிறுத்தச் சொல்லிவிட்டு அம்மா தெருக்குழாய்க்குப் போயிருந்தாள். திரும்பி வந்தபோது பருப்பு தீய்ந்து வீடெல்லாம் புகை. அப்பா அடுப்புக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து மண்வெட்டிக்குக் காம்பு இழைத்துக்கொண்டிருந்தார்.

“விசிலே வர்லியே. கேஸ்கெட்டு போயிருக்கும்” என்றார்.

அம்மா புது கேஸ்கெட் வாங்கிப் போட்டாள். அதிலும் அப்பாவுக்கு விசில் வரவில்லை. அன்றைக்கு அம்மாவும் நானும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அதற்குப் பிறகு வீட்டில் அதைப் பற்றி யாரும் பேசவில்லை. அம்மா மட்டும் அப்பாவிடம் ஏதாவது சொல்லவேண்டுமென்றால் அவருக்கு எதிரே போய் நின்று சொல்ல ஆரம்பித்தாள்.

அப்பாவுக்குச் சுரங்கத்தில் காண்ட்ராக்ட் வேலை. மண்ணையும் நிலக்கரியையும் சுமந்து ஓடும் பெல்ட்டுக்கு அடியில் சிந்திக் கிடப்பதை வாரி மேலே போடும் வேலை. நான் பிறப்பதற்கு முன்பிருந்தே அதுதான். பெல்ட் ஓடும்போது பக்கத்தில் நிற்பவன் கத்தினாலும் கேட்காது. ஆகவே எல்லாவற்றுக்கும் கைஜாடை. கையை இடதும் வலதுமாக வீசினால் நிறுத்து. விரலைச் சுழற்றினால் ஓட்டு. உள்ளங்கையைக் கீழே அமுக்கினால் பொறு. சின்ன வயதில் நான் சோறு போதும் என்பதற்குக்கூட பெல்ட்டை நிறுத்தும் ஜாடையைத்தான் காட்டுவேன். அம்மா சிரித்துக்கொண்டே கரண்டியை எடுத்துக்கொள்வாள்.

காதில் அடைத்துக்கொள்ள ரப்பர் அடைப்பான் அங்கே கொடுத்திருந்தார்கள். அப்பாவின் செட்டில் யாரும் அதைப் போடுவதில்லை. நின்றிருக்கும் பெல்ட்டைக் கிளப்புவதற்கு முன்பு ஒரு சைரன் அடிக்கும். அடியில் வேலை செய்கிறவர்கள் அதைக் கேட்டு வெளியே வந்துவிட வேண்டும். காதை அடைத்தால் சைரன் கேட்காதே என்று அவர்களாகவே கழற்றி வைத்துவிட்டார்கள். சைரன் கேட்கவேண்டும் என்று திறந்து வைத்த காதுதான் இப்போது விசில் கேட்காத காதாக ஆகியிருந்தது.

இப்படி இருக்கும்போதுதான் அந்த மெடிக்கல் வந்தது. காண்ட்ராக்டில் பல வருடம் இருந்தவர்களில் சிலரை பர்மனெண்ட் ஆக்கப்போகிறார்கள், அப்பா பெயர் அதில் இருக்கிறது, முதலில் சுரங்க ஆஸ்பத்திரியில் உடல் பரிசோதனை என்றார்கள். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் தாண்டிக் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். டவுன்ஷிப்பில் ஒரு டியூஷன் சென்டரில் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். வீட்டுக்கு எந்தக் காகிதம் வந்தாலும் என் கைக்குத்தான் வரும். கண், நெஞ்சு, ரத்தம், காது என்று வாசித்தேன். காது என்ற இடத்தில் என் குரல் இறங்கிவிட்டது. அப்பா என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“காதுக்கு என்னா பண்ணுவாங்களாம்?”

கண்ணாடி சன்னல் வைத்த சின்ன அறையில் உட்காரவைப்பார்கள், காதில் ஹெட்போன் மாட்டுவார்கள், ‘பீப்’ சத்தம் கேட்டால் கையிலிருக்கும் பட்டனை அமுக்க வேண்டும் என்று விளக்கினேன். ஏற்கெனவே போய்வந்தவர்கள் வழியாக இன்னொரு செய்தியும் எங்களுக்கு வந்து சேர்ந்திருந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருப்பவர் ஒவ்வொரு முறை சத்தம் விடும்போதும் அவருடைய தோள் லேசாக அசையும். காதை விட்டுவிட்டுத் தோளைப் பார்த்து அமுக்கினால் போதும். நாங்கள் வீட்டில் ஒத்திகை பார்த்தோம். போனில் அந்த மாதிரிச் சத்தம் எழுப்பும் ஒன்றை இறக்கி வைத்துக்கொண்டு நான் எதிரே உட்கார்ந்தேன். அப்பா என் தோளைப் பார்த்து விரலை அமுக்கினார். ஒன்றுகூடத் தவறவில்லை. அம்மா கதவுக்குப் பக்கத்தில் நின்று பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அப்பாவோடு ஜோடியாக வேலை செய்கிற மாமா ஒருவர் உண்டு. ரத்த சொந்தம் கிடையாது. அப்பா அவரை மச்சான் என்பதால் எனக்கு மாமா. நெல்லிக்குப்பத்து ஆள். அவர் பெயரும் மெடிக்கலுக்கு வந்திருந்தது. பேச ஆரம்பித்தால் நிறுத்தமாட்டார். நாம் ஒன்று கேட்டால் அதற்குப் பதில் வராது. அவர் புதிதாக ஒன்றைத் தொடங்கிவிடுவார். சோதனைக்கு முன்னால் சில நாள் சத்தத்திலிருந்து ஒதுங்கி இருக்கவேண்டும் என்று அந்தக் காகிதத்தில் இருந்ததை நான் வாசித்ததும் மாமா துள்ளி எழுந்தார்.

“அப்டீன்னா காட்டுக்குப் போயிருவோம்டா. மலை மேல தேசியப் பூங்கான்னு ஒண்ணு இருக்குதாம். ஏரி, அருவி, மறுபடி ஏரி, மறுபடி அருவின்னு போய்க்கினே இருக்குமாம். ஒரு சத்தம் கெடையாது. காதுக்கு ரெஸ்ட்டு குடுத்துட்டு வந்து நேரா போயி உக்காந்துருவோம்.”

அருவி சத்தம் போடும் என்று எங்களில் யாருக்குமே தோன்றவில்லை. எனக்கும்தான். தண்ணீர் விழுகிற இடத்தைப் படத்தில் மட்டும் பார்த்தவர்கள் நாங்கள். படத்தில் அது சத்தமில்லாமல்தான் விழுந்தது.

மேல்பட்டாம்பாக்கத்துக்காரர் ஒருவரின் வேன் அமைந்தது. அப்பா, அம்மா, நான், மாமா, அத்தை, டிரைவர். எனக்கு ஒரே ஒரு பயம்தான். அப்பாவின் காது மாமாவுக்குத் தெரிந்துவிடக் கூடாது. அவர் கெட்டவர் இல்லை. ஆனால் அவர் வாயில் விழுந்தால் அடுத்த ஷிப்ட்டில் மைன்ஸ் முழுக்கத் தெரியும், அங்கிருந்து ஆஸ்பத்திரிக்கு எவ்வளவு தூரம்? அம்மாவிடம் சொன்னேன். “நான் பாத்துக்கறன்” என்று அப்பாவுக்குப் பக்கத்து சீட்டில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

வழி முழுக்க எனக்கு வேறு வேலையே இல்லை. மாமா ஏதாவது சொல்லிச் சிரித்தால் உடனே அப்பா முகத்தைப் பார்ப்பேன். அப்பா சிரிப்பார். ஆனால் அரை நொடி கழித்துச் சிரிப்பார். மற்றவர்கள் சிரித்ததைப் பார்த்துவிட்டுச் சிரிக்கும் சிரிப்பு அது. அது எனக்கு மட்டும்தான் தெரிகிறதா, எல்லாருக்கும் தெரிகிறதா என்று புரியாமல் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

“மச்சான், பலாக்கொட்ட அவிச்சது வச்சிருக்கியா?” என்று மாமா திரும்பிக் கேட்டார்.

அப்பா, “ஆமா, நல்ல காத்து” என்றார்.

அம்மா சட்டென்று பையைத் திறந்து முந்திரிப் பொட்டலத்தை எடுத்து நீட்டினாள். மாமா வாங்கி வாயில் போட்டுக்கொண்டு டீசல் விலையைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார். தப்பித்தோம் என்று நினைத்தேன். அப்பா சொன்ன பதில் மாமாவை ஏன் துளியும் உறுத்தவில்லை என்று நான் யோசித்திருக்க வேண்டும்.

பூங்கா வாசலில் எங்களோடு ஒரு காவலரை அனுப்பினார்கள். காக்கி உடுப்பு, ஒல்லியான ஆள், மலையாள வாடை அடிக்கும் தமிழ். வாசலில் இருந்த பலகைகளைக் காட்டி எல்லாரும் என்னைப் பார்த்து, “என்னா போட்டிருக்கு, படி” என்றார்கள். பிளாஸ்டிக் கூடாது, குளிக்கக் கூடாது, சத்தம் கூடாது. சத்தம் கூடாது என்றதும் மாமா என் முதுகில் தட்டினார்.

“பாத்தியா மாப்ள? நான் சொன்னன்ல!”

நடக்க ஆரம்பித்துக் கொஞ்ச தூரத்திலேயே எனக்கு அந்த இரைச்சல் கேட்டுவிட்டது. அப்பாவைப் பார்த்தேன். மரங்களைப் பார்த்துக்கொண்டு நடந்தார். பாதையோரம் இருந்த இரும்புக் கைப்பிடியைத் தொட்டதும் நின்றார். உள்ளங்கையை அதன் மேல் பதித்து வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். பெல்ட் ஓடுகிறது என்கிற மாதிரி விரலைச் சுழற்றினார்.

வளைவு திரும்பினோம். மேல் ஏரி முழுவதும் வழிந்து ஒரே வெள்ளையாகக் கீழே விழுந்துகொண்டிருந்தது. சாரல் முகத்தில் அடித்தது. எங்கள் ஊரில் அனல்மின் நிலையத்துக் கோபுரங்களிலிருந்து எழும் ஆவியைத்தான் நான் அந்த அளவுக்குப் பார்த்திருக்கிறேன். இது ஆவி இல்லை, குளிர்ந்தது. நெஞ்சுக்கூட்டுக்குள்ளே போய் அதிர்கிற சத்தம். அத்தை வாயைத் திறந்து ஏதோ சொன்னாள், கேட்கவில்லை. அம்மா என்னிடம் ஏதோ கேட்டாள், கேட்கவில்லை. நானும் கத்திப் பார்த்தேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

மாமா தலையில் அடித்துக்கொண்டு வயிற்றைப் பிடித்துச் சிரித்தார். காதுக்கு ஓய்வு கொடுக்க வந்த இடம்! அப்பாவும் சிரித்தார். அரை நொடி தாமதம் இல்லாத சிரிப்பு. பிறகு இருவரும் கைஜாடையில் பேச ஆரம்பித்தார்கள். அந்தப் பாறைக்கு மேலே பார், தண்ணீர் இரண்டாகப் பிரிகிறது, அங்கே ஒரு தகடு வைத்தால் இந்தப் பக்கம் சிந்தாது. இரண்டு பேரும் அருவியைச் சரிசெய்துகொண்டிருந்தார்கள். செருப்பு வழுக்கி அத்தை தடுமாறுவதற்கு முன்பே அப்பா பார்த்துக் கையை நீட்டினார். நாங்களெல்லாம் செவிடாகி நின்ற இடத்தில் அவர் மட்டும் சௌகரியமாக இருந்தார். அம்மா அவரைப் பார்த்த பார்வையை நான் கவனித்தேன். இங்கேயே இருந்துவிடலாமா என்பது போல இருந்தது அது.

அங்கிருந்து கீழ் ஏரிக்கு இறங்கும் வழியில் மாமாவை முன்னால் விட்டுவிட்டு நான் அப்பாவுக்கு எதிரே போய் நின்றேன்.

“யப்பா, பெல்ட்டு கெளப்பறதுக்கு மின்ன சைரன் வுடுவாங்களே, அது உனக்குக் கேக்குதா?”

என் வாயைப் பார்த்தார். கொஞ்சம் யோசித்தார்.

“சைரன் என்னாத்துக்குடா? பக்கத்துல மச்சான் இருக்கான்ல. அவன் வெளிய வந்தா நானும் வந்துருவன். அதுக்கு மேல காலு சொல்லும். நிக்கிற தகடு அதிரும்.”

“தகடு அதிர்ந்தா பெல்ட்டு ஓட ஆரம்பிச்சிருச்சின்னுதான அர்த்தம்?”

அப்பா என்னைத் தாண்டி நடந்தார். காதில் விழவில்லையா, விழவேண்டாம் என்று விட்டுவிட்டாரா, எனக்குத் தெரியவில்லை. அதுவரை எனக்கு மெடிக்கலில் அவர் தோற்றுவிடுவாரோ என்றுதான் பயம். அந்த இறக்கத்தில் முதல்முறையாக, ஜெயித்துவிட்டால் என்ன ஆகும் என்று நினைத்தேன். என் தோளைப் பார்த்து அவர் விரலை அமுக்கியது நினைவுக்கு வந்தது. சைரனுக்குத் தோள் கிடையாது.

கீழ் ஏரியில் ஒரு சத்தமும் இல்லை. அருவி எங்கோ பின்னால் போய்விட்டது. தண்ணீரின் மேலாகவே மரப்பலகைகளை அடுக்கி ஒரு நடைபாதை போட்டிருந்தார்கள். ஆள் நடந்தால் மெதுவாக முனகும் பலகைகள். இங்கே பேசக் கூடாது என்று காவலர் உதட்டில் விரலை வைத்துக் காட்டினார். அப்பாவும் மாமாவும் முன்னால் ஜோடியாகப் போனார்கள், வேலைக்குப் போகிற மாதிரி ஒரே நடை. அவர்களுக்குப் பின்னால் சற்றுத் தள்ளி காவலர், அவருக்குப் பின்னால் நாங்கள் மூன்று பேர்.

காவலர் சட்டென்று நின்றார்.

“நிக்கணும். ஆன” என்று மூச்சுக் காற்றிலேயே சொன்னார்.

பலகைப் பாதை கரையைத் தொடும் இடத்தில், நாணலுக்குள் ஓர் ஒற்றை யானை. அதுவரை நான் பாறை என்று நினைத்திருந்தது அதன் முதுகை. தும்பிக்கை தண்ணீரில் இருந்தது. காவலர் முன்னால் போகிறவர்களைப் பார்த்து மறுபடியும், “ஏய், நில்லு, நில்லு” என்று கிசுகிசுத்தார். அத்தை வாயைப் பொத்திக்கொண்டாள்.

அப்பாவும் மாமாவும் நடந்துகொண்டே இருந்தார்கள். இருவரும் தண்ணீரில் மீன்களைப் பார்த்தபடி போனார்கள்.

அப்பா நடப்பது எனக்குப் புரிந்தது. மாமா ஏன் நடக்கிறார்? கிசுகிசுப்பு எனக்கே தெளிவாகக் கேட்டது, அவர் என்னைவிட முன்னால் இருக்கிறார். அப்போது மாமா தலையைத் திருப்பி அப்பாவைப் பார்த்தார். அப்பா நடக்கிறார் என்று பார்த்துவிட்டு அவரும் நடந்தார். கொஞ்சம் கழித்து அப்பா திரும்பி மாமாவைப் பார்த்தார். மாமா நடக்கிறார் என்று பார்த்துவிட்டு அவரும் நடந்தார்.

கத்தினால் யானை திரும்பும். ஜாடை காட்டலாம் என்றால் இருவரும் முதுகைக் காட்டிக்கொண்டிருந்தார்கள். ஓடலாம் என்று அசைந்தேன், காவலர் என் சட்டையைப் பிடித்துக்கொண்டார். என் குதிகால் தானாக எழுந்தது. பலகையை ஓங்கி மிதித்தேன். மறுபடி மிதித்தேன். மொத்தென்று ஒரு சத்தம்தான், ஆனால் பலகை முழுக்க அதிர்ந்து ஓடியது.

அப்பா நின்றார். குனிந்து தன் காலைப் பார்த்தார். பிறகு திரும்பினார். நான் இரண்டு கைகளையும் வீசினேன். நிறுத்து, நிறுத்து. அவர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. மாமாவின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்து நிறுத்திவிட்டார்.

மாமா உரக்க, “என்னாடா?” என்றார்.

யானை காதை விசிறியது. தும்பிக்கையைத் தூக்கி எங்கள் பக்கம் மோப்பம் பிடித்தது. அது என்ன நினைத்ததோ, மெதுவாகத் திரும்பி நாணலை விலக்கிக்கொண்டு காட்டுக்குள் போனது. அது போன பிறகும் நாணல் வெகுநேரம் ஆடிக்கொண்டிருந்தது. அம்மா பலகை மேலேயே உட்கார்ந்துவிட்டாள்.

காவலருக்குக் கோபம் தாங்கவில்லை. “ஞான் எத்தன தடவ சொன்னு? ரெண்டு பேருக்கும் செவி இல்லையா?” என்று கேட்டுவிட்டார்.

அப்பாவும் மாமாவும் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

வாசலுக்கு வெளியே ஒரு டீக்கடை. டிரைவர் வேனிலேயே தூங்கிக்கொண்டிருந்தார். பெஞ்சில் உட்கார்ந்தோம். மாமா பேசாமல் இருந்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன். டீ ஆடை கட்டும்வரை கையிலேயே வைத்திருந்தார். பிறகு அப்பாவுக்கு நேர் எதிரே நகர்ந்து உட்கார்ந்து, வாயை நன்றாகத் திறந்து கேட்டார்.

“மச்சான், சைரன் அடிச்சா நீ எப்பிடிடா வெளிய வர?”

“உன்னப் பாத்துதான். நீ?”

மாமா டம்ளரைக் கீழே வைத்தார். கட்டை விரலால் அப்பாவின் நெஞ்சைத் தொட்டுக் காட்டினார்.

பிறகு மாமாவுக்குச் சிரிப்பு வந்தது. “டேய், இத்தினி நாளு ரெண்டு செவுட்டுப் பயலும் ஒருத்தன ஒருத்தன் நம்பிக்கினு பெல்ட்டுக்கு அடியில குந்திக்கினு இருந்தமாடா?” என்று தொடையில் அடித்துக்கொண்டு சிரித்தார். அப்பாவும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்.

“அந்த ஆன அவ்ளோ பெரிய காத வச்சிக்கினு நம்மள வுட்டுட்டுப் போச்சி பாரு” என்றார் அப்பா.

அம்மாவும் அத்தையும் சிரிக்கவில்லை. அத்தை முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு என்னிடம் சொன்னாள். “உங்க மாமாவுக்குக் கேக்கலன்னு எனக்கு ஒரு வருசமாத் தெரியும் தம்பி. உங்கப்பாவுக்குத் தெரிஞ்சா வெளிய சொல்லிருவாரோன்னு வாயத் தொறக்கல.”

நாங்கள் யாரிடமிருந்து மறைத்தோமோ அவர்கள் எங்களிடமிருந்து மறைத்துக்கொண்டிருந்தார்கள்.

அம்மா எழுந்து போய் அப்பாவுக்கு எதிரே நின்றாள். “தோளப் பாத்து அமுக்கி பர்மனெண்ட்டு ஆயிருவ. அப்புறம்? உன் போட்டோவுக்கு மாலையப் போட்டுட்டு நான் பென்சன் வாங்கிக்கினு இருக்கறதா?”

“வேற எதுக்கும் எடுக்க மாட்டாங்களேடி. இதும் போயிரும். அப்புறம் என்னா பண்றது?”

“தெரியல” என்றாள் அம்மா. படித்தவன் என்று எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் டீக்கடைப் பலகையில் எழுதியிருந்த விலைகளைப் படித்துக்கொண்டிருந்தேன்.

திரும்பி வந்த வேனில் யாரும் யாரிடமும் எதையும் மறைக்கவேண்டி இருக்கவில்லை. மாமா பேசினார், அப்பா “என்னா?” என்றார், மாமா திரும்பச் சொன்னார், அப்பா சொன்னது மாமாவுக்குக் கேட்கவில்லை, அத்தை கத்தினாள். டிரைவருக்குத்தான் தலைவலி வந்தது. ஆனால் எனக்குக் கலக்கம் தீரவில்லை. தூரத்தில் கோபுரங்களின் ஆவி தெரிந்தபோது அது இன்னும் கூடியது.

சோதனை அன்று அப்பாவோடு நானும் போனேன். மாமாவும் கூடவே வந்து வெளியே பெஞ்சில் உட்கார்ந்தார். அப்பாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது என்றதும் என்னைக் கதவோரம் நிற்கவிட்டார்கள். முன்பு போய்வந்தவர்கள் சொன்னபடியே ஒரு சின்ன அறை, கண்ணாடி சன்னல், உள்ளே ஒரு ஸ்டூல். வெளியே மேசையில், அப்பா பட்டனை அமுக்கினால் எரிகிற சின்னப் பச்சை விளக்கு. ஹெட்போனை மாட்டிவிட்டு, பரிசோதிப்பவர் வெளியே வந்து தன் நாற்காலியில் உட்கார்ந்தார். கண்ணாடி வழியாக அவருடைய தோள் அப்பாவுக்கு நன்றாகத் தெரியும். நான் என் தோளையே இறுக்கிக்கொண்டேன்.

அப்பா எழுந்தார். ஸ்டூலை இழுத்து, சுவரைப் பார்க்கத் திருப்பிப் போட்டு, எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார்.

பரிசோதிப்பவர் கதவைத் திறந்து எட்டிப்பார்த்தார். “ஏங்க, இந்தப் பக்கம் பார்த்து உக்காருங்க.”

அப்பா ஹெட்போனை ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு அவர் வாயைப் பார்த்தார். “வேணாம் சார். அப்பிடி உக்காந்தா உங்க தோளப் பாத்து அமுக்கிருவன்.”

அவர் கதவை மெல்லச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். தோள் அசைந்தது. விளக்கு எரியவில்லை. அசைந்தது. எரியவில்லை. அந்த முதுகு எதையோ கூர்ந்து கேட்க முயல்வது போல லேசாக முன்னால் சாய்ந்திருந்தது. நெடுநேரம் கழித்து ஒருமுறை விளக்கு எரிந்தது.

அவர் காகிதத்தில் என்ன எழுதுவார், அதைப் படித்துவிட்டு மேலே இருப்பவர்கள் என்ன செய்வார்கள், சத்தமில்லாத இடத்தில் வேறு வேலை கொடுப்பார்களா, போய்வா என்பார்களா, எதுவும் எனக்குத் தெரியாது.

பெஞ்சிலிருந்து மாமா, “என்னா மாப்ள, என்னா நடக்குது?” என்று ஆஸ்பத்திரி முழுக்கக் கேட்கும்படிக் கேட்டார்.

நான் அவருக்கு எதிரே போய் நின்றேன். “திரும்பி உக்காந்துட்டாரு மாமா” என்றேன்.

“என்னா?”

மெதுவாக, உதட்டை நன்றாகப் பிரித்து, மறுபடியும் சொன்னேன். அவர் என் வாயைப் பார்த்தார். சட்டைப் பொத்தானைச் சரிசெய்துகொண்டார்.

அப்பா வெளியே வந்தார், மாமாவைக் கூப்பிட்டார்கள், கதவைச் சாத்தினார்கள். அப்பா என் பக்கத்தில் உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே ஸ்டூலை இழுத்துத் திருப்புகிற சத்தம் எனக்குக் கேட்டது.